தையலுக்கு விட்ட இரண்டு விரல்

ஊரில் பாதிப் பேருடைய இடுப்பளவு தையல்காரிக்கு மனப்பாடம். யாருக்கு வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது, யார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பொய்யளவு கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. அந்த நல்ல பெயரால்தான் வீடுகளை அளக்கும் வேலையும் அவள் தலையில் வந்து விழுந்தது.

அவளை முன்மொழிந்தவர் தீயணைப்பு நிலைய அதிகாரி. ஊருக்கு அவர் கேப்டன். அதுவரை நிலையத்தின் செலவை மாவட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வருஷம் ஒரு கடிதம் வந்தது: சின்ன ஊர்களின் தீயணைப்பு நிலையங்களை அந்தந்த ஊரே நடத்திக்கொள்ள வேண்டும், முடியாவிட்டால் வண்டியை மாவட்டத் தலைநகரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். நகராட்சி கூடிப் பேசி ஒரு வழி கண்டது. ஊரிலுள்ள ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதன் பரப்பைப் பொறுத்து வருஷா வருஷம் ஒரு தீயணைப்பு வரி. வீட்டுக்கு ஒரு பங்கு, கடைக்கு ஒன்றரை, மில்லுக்கும் கிடங்குக்கும் இரண்டு. அதற்கு இருநூற்றுப் பதினான்கு கட்டடங்களின் நீள அகலமும் மூன்று வாரத்துக்குள் பட்டியலாக வேண்டும். அளந்து தருகிறோம் என்று வந்த கம்பெனி கேட்ட தொகையைக் கேட்டு, நகராட்சிச் செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் காசுக்கு வண்டிக்கு நாலு டயர் போட்டுடலாம்," என்றார் கேப்டன். "நம்ம தையலம்மாவைக் கேளுங்க. டேப் இருக்கு, கையெழுத்து முத்து முத்தா இருக்கும், எந்த வீட்டுக் கதவும் அவங்களுக்குத் திறக்கும்."

அந்த வண்டியைப் பத்தொன்பது வருஷம் ஓட்டியது அவளுடைய கணவர் என்பதை அவர் சொல்லவில்லை. அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே கணவர் அவளை நிலையத்துக்குக் கூட்டிப்போய் அந்தச் சிவப்பு வண்டியைக் காட்டி, "இவதான் மூத்தவ. நீ ரெண்டாவது. சண்டை போடாம இருக்கணும்," என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு அதுதான் பெயர். மழை நாளில் நனைந்து வந்தால், "மூத்தாளைத் துடைச்சு விட்டீங்கல்ல, இப்ப உங்களைத் துடைச்சுக்குங்க," என்று துண்டை வீசுவாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, "கொஞ்சம் படுக்கறேன்" என்றவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு. யார் மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூத்தவள் மட்டும் இருந்தாள். காலையில் சரியாக ஆறு மணிக்கு நிலையத்தில் வண்டியைக் கிளப்பிப் பார்ப்பார்கள். முதலில் ஒரு இருமல், பிறகு ஒரு உறுமல், கடைசியில் அரை மூச்சு சைரன். இரண்டு தெரு தாண்டி அது தையல்காரியின் ஜன்னலுக்கு வரும். அதைக் கேட்ட பிறகுதான் அவள் போர்வையை மடிப்பாள். வண்டி தலைநகரத்துக்குப் போய்விட்டால் ஊருக்குத் தீயை அணைக்க ஆளிருக்காது. அவளுக்குக் காலையில் எழுந்திருக்கவே காரணமிருக்காது. இரண்டாவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. "சரி, அளக்கறேன்," என்று மட்டும் சொன்னாள்.

"ஸ்டேஷன்ல நூறடி டேப் இருக்கு, தரட்டுமா?" என்று கேட்டார் கேப்டன்.

"அதுக்கு ரெண்டு ஆள் வேணும். எனக்கு என் டேப் போதும்," என்று கழுத்தில் கிடந்த ஐந்தடி டேப்பைத் தொட்டுக் காட்டினாள்.

மூன்று வாரம் ஊரை ஒரு கலக்குக் கலக்கினாள். டேப்பைச் சுவரோரம் நீட்டுவாள், முடியும் இடத்தில் சாக்கட்டியால் ஒரு கீறல், கீறலிலிருந்து மறுபடி டேப், மறுபடி கீறல். முப்பது வருஷம் துணியில் போட்ட கோடு. கண்ணை மூடிக்கொண்டு போடும் கை. வாய் பாட்டுக்கு வீட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கும். கடைசி வீடாக மிஞ்சியது அவளுடையது. அதை அவள் அளக்கவில்லை. அந்த வீட்டின் அளவு அவளுக்குத் தெரியும். முப்பதுக்கு நாற்பது, ஆயிரத்து இருநூறு சதுர அடி. கணவர் குடிவந்த அன்று சொன்னது. அப்படியே எழுதினாள்.

பட்டியல் நகராட்சி வாசலில் ஒட்டப்பட்டது. கூட்டம் கூடியது. அத்தோடு ஆரம்பித்தது வினை.

ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்பது விதி. பாதிக்கு மேல், அதாவது நூற்றியெட்டுக் கட்டடக்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் வரியே கிடையாது என்பதும் விதி. பத்து இருபது வரும் என்று செயலாளர் நினைத்திருந்தார். விசாரணைக்கு முந்தின நாள் மதியம் கெடு முடிந்தபோது மேஜையில் நூற்றுப் பத்தொன்பது தாள்கள் இருந்தன.

தையல்காரியைக் கூப்பிட்டனுப்பினார்கள். கேப்டன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு தாளை எடுத்து வாசித்தார்.

"பேக்கரி. 'பத்திரப்படி என் கடை முகப்பு பன்னிரண்டு அடி. பட்டியலில் பதினொன்றே முக்கால் போட்டிருக்கிறது. மூன்று அங்குலத்தை யார் தின்றது?' அடுத்தது முடிவெட்டுற கடை. 'என் கடை ஏற்கெனவே சின்னது. அதிலும் கை வைக்காதீர்கள்.' இது போட்டோ ஸ்டுடியோ. 'நகராட்சிக் காகிதத்தில் குறைந்தால் நாளைக்கு விற்கும்போதும் குறையும்.' அம்மா, வரி கூடிடுச்சுன்னு சண்டை போடுற ஊரைப் பாத்திருக்கேன். வீடு குறைஞ்சுடுச்சுன்னு சண்டை போடுற ஊரை இப்பத்தான் பாக்கறேன்."

"இதெல்லாம் வரி வேண்டாம்னு எழுதினது இல்லையே," என்றாள் தையல்காரி.

"காரணத்தைச் சட்டம் பாக்காதும்மா," என்றார் செயலாளர். "தாளை எண்ணும். அவ்வளவுதான். நாளைக்குப் பகல் ஒரு மணிக்குள்ள பன்னிரண்டு பேராவது வாபஸ் வாங்கணும். இல்லாட்டி வண்டி போயிடும்."

தையல்காரிக்கு முகம் சுருங்கியது. அவள் தைத்த சட்டை யாருக்காவது இறுக்கிப் பிடித்ததாகவோ தொளதொளத்ததாகவோ வரலாறு கிடையாது. "என் அளவு தப்பாகாது. பத்திரம் எழுதுறவங்க கூட்டித்தான் எழுதுவாங்க," என்றாள். சொல்லிக்கொண்டே தாள்களைப் புரட்டியவளின் கை கடைசித் தாளில் நின்றது. அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். எழுத்துகள் எல்லாம் சண்டைக்கு நிற்பது போல நிமிர்ந்திருக்கும். அது அவளுடைய நாத்தனார், கணவருக்கு அக்கா.

நாத்தனார் வீடும் அவள் வீடும் ஒட்டிப் பிறந்தவை. நடுவில் ஒரே சுவர். ஒரு பக்கம் தாளித்தால் மறுபக்கம் தும்மல் வரும். அந்தச் சுவர் வழியாக இருவரும் இருபது வருஷமாகச் சண்டை போட்டும் பேசிக்கொண்டும் இருக்கிறார்கள். அன்று மாலை நேராக அங்கே போன தையல்காரியை நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாங்க சர்வேயர் மேடம். இந்தத் தடவை எதைக் குறைக்க வந்தீங்க? சமையலறையையா?"

"அண்ணி, நீங்களுமா எழுதிக் குடுத்தீங்க? ஸ்டேஷனை மூடிட்டா அவரோட வண்டி போயிடும் அண்ணி."

"ஸ்டேஷனை மூடச் சொல்லி நான் எழுதினேனா? தாளைப் படிச்சியா நீ? 'வரி கட்டுகிறேன், வீட்டைத் திருப்பிக் கொடுங்கள்'னு எழுதியிருக்கேன். உன் வீடு ஆயிரத்து இருநூறு. என் வீடு ஆயிரத்து நூத்தி நாப்பத்தொம்பது. ஒரே மேஸ்திரி, ஒரே நாள்ல கயிறு கட்டினது. உன் பக்கம் மட்டும் எப்படி வீங்கிச்சு?"

"என் வீட்டை நான் அளக்கலை. அவர் அளந்து சொன்னதை எழுதினேன்."

"ஓஹோ!" நாத்தனார் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "அவன் உன் வீட்டை மட்டுமா அளந்தான்? ஸ்டேஷன்லேர்ந்து நூறடி டேப்பைத் தூக்கிட்டு வந்து ரெண்டு வீட்டையும் அளந்தானே, அந்த டேப்போட மறுமுனையைப் பிடிச்சது யாரு? நான்! நீ உள்ள பால் காய்ச்சிட்டிருந்தே. 'அக்கா ஆடாம பிடி, அக்கா ஆடாம பிடி'ன்னு என்னை மொட்டை வெயில்ல நிக்க வெச்சு உயிரை எடுத்தான். கடைசில என்ன சொன்னான் தெரியுமா? 'ரெண்டும் முப்பதுக்கு நாப்பது. மயிரிழை வித்தியாசம் இல்லை. இனிமே உங்க ரெண்டு பேருக்கும் இதை வெச்சுச் சண்டை வராது'ன்னான்."

இடுப்பிலிருந்த கையை இறக்கி, "இப்ப வந்திருக்கு பாரு," என்றாள். "நீ குறைச்சது என் வீட்டையில்ல. என் தம்பி அளந்த அளவை."

அவர் அளவு தப்பாது. தன் அளவும் தப்பாது. இரண்டில் ஒன்று தப்பென்றால் எது என்று கேட்பதற்கே பயமாக இருந்தது. கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, நாத்தனார் வீட்டுச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து மறுபடியும் அளக்க ஆரம்பித்தாள். டேப்பை நீட்டினாள், கீறினாள். டேப்பை நகர்த்தினாள், கீறினாள். நாத்தனார் குனிந்து பார்த்துக்கொண்டே கூட நடந்தாள்.

மூன்றாவது கீறலில், "நில்லு," என்றாள்.

"என்ன அண்ணி?"

"டேப்பு எங்க முடியுது?"

"இதோ, இங்க."

"கோடு எங்க போட்டிருக்கே?"

தையல்காரி பார்த்தாள். டேப் முடிந்த இடம் ஓரிடம். கோடு அதற்கு இரண்டு விரல் தள்ளி அப்பால். தன் கையையே யாருடைய கையோ போல வெறித்தாள். துணியில் அளவு ஓரிடத்தில் முடியும். வெட்டும் கோடு இரண்டு விரல் தள்ளி விழும். நடுவில் இருப்பது தையலுக்கு விடுவது. முப்பது வருஷமாக அந்தக் கை அளவின் மேலேயே கோடு போட்டதில்லை. ஐந்தடிக்கு ஒருமுறை இரண்டு விரல் கணக்கில் சேராமல் போயிருக்கிறது, ஊர் முழுக்க, இருநூற்றுப் பதின்மூன்று கட்டடங்களுக்கு.

"அண்ணி," என்றாள் மெதுவாக. "எல்லா வீட்டுக்கும் தையலுக்கு விட்டுட்டேன்."

நாத்தனாருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் மூச்சு முட்டியது. "வீட்டுக்கு எதுக்குடி தையல் விடறே? நாளைக்குக் குண்டாச்சுன்னா பிரிச்சு விடவா?"

"சிரிக்காதீங்க. நாளைக்கு ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கப் போகுது."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் மனு எழுத மாட்டான்."

மறுநாள் காலை நகராட்சி மண்டபத்தில் உட்கார இடமில்லை. கையில் பத்திரத்தோடு வந்தவர்கள் அதை விசிறியாக வீசிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் விதிகளை வாசித்து முடித்ததும் தையல்காரி எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். ஊசி முனையை வாயில் வைத்துக்கொண்டு பேசுபவளைப் போலப் பாதி உதட்டால்தான் ஆரம்பித்தாள்.

"தப்பு என்னுதுங்க. உங்க பத்திரம் சரி. நான்தான் ஒவ்வொரு தடவை கோடு போடும்போதும் துணிக்கு விடற மாதிரி ரெண்டு விரல் விட்டுட்டேன்."

பின்வரிசையிலிருந்து பேக்கரிக்காரர், "அப்ப என் மூணு அங்குலம் தையலுக்குள்ள இருக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான். கூரை அதிர்ந்தது. முடிவெட்டுபவர் பக்கத்தில் இருந்தவர் தோளில் அடித்து அடித்துச் சிரித்தார். தையல்காரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் மாவு மில்காரர் எழுந்தார். ஊரிலேயே பெரிய கட்டடம் அவருடையது. சிரிக்காத ஒரே ஆளும் அவர்தான்.

"அளவைச் சரி பண்ணினா வரியும் ஏறுமே?"

மண்டபத்தில் விசிறி வீசுவது நின்றது. தையல்காரி செயலாளரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். மழுப்பலாக ஏதாவது சொல்லிவிடலாம். பன்னிரண்டு கையெழுத்து விழுந்துவிடும். இடுப்பளவு கேட்பவர்களிடம் அப்படிச் சொல்லிச் சமாளித்தவள்தான். ஆனால் காலையில் கேட்ட அந்த அரை மூச்சு சைரன் காதில் இருந்தது. ஏமாற்றி நிறுத்திவைத்த வண்டியின் சத்தத்தை நாளைக்கு எந்த முகத்தோடு கேட்பது?

"ஏறும்ங்க," என்றாள். "வீடு பெருசானா வரியும் அதுக்குத் தக்கன ஏறும். கொஞ்சம்தான். ஆனா ஏறும்."

சலசலப்பு எழுந்தது. தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முடிவெட்டுபவர் கையைத் தூக்கினார். "என் கடைக்கு எவ்வளவு ஏறும்?"

செயலாளர் கணக்குப் போட்டார். "வருஷத்துக்கு ஒரு டீ காசு."

"ஒரு டீக்காக என் கடையைச் சுருக்கிக்கிட்டு இருக்க முடியுமா? எங்க கையெழுத்துப் போடணும்?" என்று எழுந்துவந்தார். ஆனால் அவருக்கும் முன்னால் மேஜைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் நாத்தனார். "தள்ளுப்பா. நூத்திப் பத்தொம்பதாவது தாளு என்னுது. கடைசியா வந்தது முதல்ல போகட்டும்."

அதற்குப் பிறகு வரிசை வாசலைத் தாண்டிப் போனது. வரியை ஏற்றிக்கொள்ள மனிதர்கள் இடித்துத் தள்ளி நிற்பதைச் செயலாளர் தன் உத்தியோக வாழ்க்கையில் கண்டதில்லை. "எங்க வீட்டு முன்வராந்தாவையும் சேத்து அளங்க, விட்டுட்டீங்க," என்று போட்டோ ஸ்டுடியோக்காரர் கூடுதலாக வேறு கேட்டார். பன்னிரண்டாவது கையெழுத்து விழுந்தபோது கேப்டன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு மணி அடித்தபோது மேஜையில் முப்பத்தொரு தாள்கள் மிஞ்சின.

மாவு மில்காரரின் தாள் அதில் ஒன்று. "எனக்கு அளவு முக்கியமில்லம்மா. காசு கட்டப் பிடிக்கலை. அதை மாத்தி எழுத முடியாது," என்றார் தையல்காரியிடம், கோபமில்லாமல்.

"அதுக்கென்னங்க. உள்ளதைச் சொல்றீங்க," என்றாள் அவள். "உங்க இடுப்பளவும் நீங்க எப்பவும் உள்ளபடிதான் குடுப்பீங்க."

கேப்டன் குறுக்கே வந்தார். "உங்க மில்லு பத்திக்கிட்டாலும் நாங்க வருவோம், கவலைப்படாதீங்க."

"வராம இருந்து பாரு. அதுக்கும் மனு போடுவேன்," என்றார் மில்காரர்.

பட்டியலைத் திருத்த ஒரு மாத அவகாசம் கிடைத்தது. அளப்பது யார் என்ற கேள்வியே எழவில்லை. இந்தத் தடவை தையல்காரி நிலையத்துக்குப் போய் நூறடி டேப்பை வாங்கிவந்தாள். அதன் தோல் உறையை ஒரு காலத்தில் அவள்தான் தைத்திருந்தாள். ஒரு மூலையில் பிரிந்திருந்த தையலை உட்கார்ந்து சரிசெய்தாள்.

வெயிலுக்கு முன் வேலையை முடிக்கலாம் என்று மறுநாள் பொழுது விடியும்போதே அவளும் நாத்தனாரும் தெருவில் இறங்கினார்கள். முதலில் நாத்தனார் வீடு. நாத்தனார் ஒரு மூலையில் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையல்காரி மறுமூலைக்கு நடந்தாள்.

"ஆடாம பிடிங்க அண்ணி."

"அவனும் இதையேதான் சொன்னான்! புருஷன் ஒரு தடவை, பெண்டாட்டி ஒரு தடவை. நடுவுல நிக்கறது நான்."

"கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. ஆங், அப்படியே."

டேப் விறைத்து நின்றது. தையல்காரி குனிந்து எண்ணைப் பார்த்தாள். மறுபடி ஒருதரம் பார்த்தாள். பிறகு பக்கவாட்டுச் சுவரையும் அளந்தாள்.

"எவ்வளவுடி? சொல்லித் தொலையேன்."

"முப்பதுக்கு நாப்பது," என்றாள் தையல்காரி. "மயிரிழை வித்தியாசம் இல்லை."

நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து இரண்டு தெருவுக்கு அப்பால் ஒரு இருமல் கேட்டது. பிறகு ஒரு உறுமல். பிறகு அரை மூச்சு சைரன்.

"உன் மூத்தாள் எழுந்துட்டா," என்றாள் நாத்தனார்.

"நாமதான் இன்னிக்கு அவளுக்கு முன்ன எழுந்திருக்கோம்," என்றாள் தையல்காரி. டேப்பைச் சுற்றிக்கொண்டே அடுத்த வீட்டை நோக்கி நடந்தாள். பிடித்த முனையை விடாமல் நாத்தனாரும் பின்னாலேயே போனாள்.